ஈறில் ரத்தம் வரும் இடத்தைத் துலக்காமல் விடலாமா?

கேள்வி:
அப்பாவுக்கு 58 வயது, சர்க்கரை நோய் உண்டு. கீழ் முன்பற்களின் உட்புறம் பிரஷ் பட்டாலே ரத்தம் வருகிறது, வலி இல்லை. புண் ஆறட்டும் என்று அந்த இடத்தைத் தொடுவதே இல்லை. ஸ்கேலிங் (பல்லில் இறுகிய அழுக்கை மருத்துவர் கருவியால் எடுப்பது) செய்தால் பல் ஆடிவிடும் என்று பயப்படுகிறார். என்ன செய்யலாம்?

பதில் 1:
தொடாமல் விட்டால் ரத்தம் கூடத்தான் செய்யும். ஈறு விளிம்பில் படியும் கிருமிப் படலம்தான் வீக்கத்துக்குக் காரணம். 1965இல் டென்மார்க்கில் பல் ஆய்வாளர் ஹரால்ட் லோ குழுவினர், ஈறு நன்றாக இருந்தவர்களைப் பல் துலக்காமல் இருக்கச் செய்தார்கள். மூன்று வாரத்துக்குள் எல்லோருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி துலக்கியதும் சரியானது. ஆரம்ப நிலை என்றால் மீளும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

மென்மையான பிரஷ்ஷை ஈறு விளிம்பில் 45 டிகிரி சாய்த்து, இடம் மாற்றாமல் பத்துத் தடவை லேசாக அசைக்கச் சொல்லுங்கள். முன்பற்களின் உட்புறத்துக்குப் பிரஷ்ஷைச் செங்குத்தாகப் பிடிக்க வேண்டும். காலையும் இரவும் இரண்டு நிமிடம். பல் இடுக்குக்குப் பிரஷ் போகாது. இடுக்குப் பிரஷ் தனியாக வாங்குங்கள், இறுக்கித் திணிக்கும் அளவு வேண்டாம்.

பதில் 2:
அந்த இடத்தில் காரை (கல்லாக இறுகிய கிருமிப் படலம்) கட்டியிருக்க வாய்ப்பு அதிகம். நாக்கின் அடியில் உமிழ்நீர்க் குழாய்கள் திறக்கின்றன. உமிழ்நீரிலுள்ள தாது உப்பு படலத்தைக் கல்லாக்கிவிடும். அதைப் பிரஷ்ஷால் எடுக்க முடியாது, ஸ்கேலிங்தான் வழி. பல்லைத் தாங்கும் எலும்பு ஏற்கெனவே கரைந்திருந்தால், காரை போனதும் ஆட்டம் தெரியவரும். எலும்பைக் கரைத்தது ஸ்கேலிங் அல்ல, நோய்.

ஈறுப் பையின் (பல்லுக்கும் ஈறுக்கும் நடுவிலுள்ள இடைவெளி) ஆழத்தை அளக்கச் சொல்லுங்கள். 3 மி.மீ. வரை சரி. அதற்கு மேல் ரத்தமும் வந்தால் வேரையும் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும். எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) அறிக்கையையும் எடுத்துப் போங்கள்: சர்க்கரை ஏறினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரையும் கட்டுக்குள் வருவது கடினம். புகைப்பவர்களுக்கு மட்டும் எச்சரிக்கை: ரத்தம் வராததை நம்பாதீர்கள், புகை அதை மறைத்துவிடும்.

கேட்டவர்:
நன்றி. குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியால் வாய் கொப்பளித்தால் போதாதா? பிரஷருக்கு அம்லோடிபினும் சாப்பிடுகிறார்.

பதில் 2:
போதாது, காரைக்குள் அது இறங்காது. ஸ்கேலிங்குக்குப் பிறகு மருத்துவர் எழுதினால் 0.2 சதவீதக் கரைசல், ஒரு தடவைக்கு 10 மில்லி, இரண்டு வாரம். நீண்ட நாள் தொடர்ந்தால் பல் பழுப்பாகும். பேஸ்ட்டுக்கும் அதற்கும் அரைமணி இடைவெளி விடுங்கள். பேஸ்ட்டின் நுரைப்பொருள் மருந்தின் வேலையைக் கெடுக்கும்.

அம்லோடிபினால் சிலருக்கு ஈறு தடிக்கும். தாமாக நிறுத்த வேண்டாம், மருந்து எழுதிய மருத்துவரிடமே கேளுங்கள்.