நீரமானி தண்ணீரிலேயே 1.000 காட்டவில்லை, பழுதா?

நெல்லிரசக்காரி, வெள்ளவத்தை

வீட்டில் நெல்லிரசம் காய்ச்சித் தெரிந்தவர்களுக்குப் போத்தலில் கொடுத்து வருகிறேன். பாகின் பதம் ஒருமுறை போல மறுமுறை வருவதில்லை என்று புறக்கோட்டையில் கண்ணாடி நீரமானி (திரவத்தில் மிதக்கவிட்டு அடர்த்தி பார்க்கும் கருவி) ஒன்று வாங்கினேன். தண்டில் 0.990 முதல் 1.100 வரை கோடுகள், மேலே 20°/20° என்று எழுத்து. குழாய்த் தண்ணீரில் 0.998 காட்டுகிறது. ரசத்தில் விட்டாலோ தண்டு முழுவதும் வெளியே எழுந்து சாடியின் சுவரில் சாய்ந்து படுக்கிறது. கடைக்காரர் கண்ணாடிச் சாமானைத் திருப்பி எடுக்க மாட்டாராம். தம்பியின் கராஜில் பற்றரி பார்க்கும் நீரமானி இருக்கிறது, 1.300 வரை காட்டும். அதைக் கழுவிப் பாவிக்கலாமா?

பழைய ஆய்கூடத்தார், கொட்டாஞ்சேனை

தங்கச்சி, கடைக்காரரைத் திட்ட வேண்டாம். நீரமானி சரியாகத்தான் சொல்கிறது. 20° என்றால் 20 பாகை செல்சியஸில் அளவிட்டது என்று பொருள். கொழும்பில் குளிரூட்டி இல்லாத எந்தச் சமையலறையில் அந்த வெப்பநிலை இருக்கிறது? 29 பாகையில் தண்ணீர் சற்று விரிந்து அடர்த்தி குறையும். அடர்த்தி குறைந்த திரவத்தில் மிதவை கூடுதலாக அமிழும். ஆகவே 0.998தான் வர வேண்டும். 1.000 காட்டியிருந்தால்தான் நான் சந்தேகப்பட்டிருப்பேன்.

தண்டை உற்றுப் பாருங்கள். எண்கள் கீழே போகப் போகக் கூடும், கோடுகளோ நெருங்கிக்கொண்டே வரும். மிதவை தன் எடைக்குச் சமமான எடைத் திரவத்தைத்தான் இடம்பெயர்க்கும். பாகு கனமானதால் கொஞ்சம் அமிழ்ந்தாலே அந்தக் கணக்கு முடிந்துவிடுகிறது, தண்டு வெளியே நிற்கிறது. நூற்றுக்கு 60 சீனியுள்ள பாகின் தன்னீர்ப்பு, அதாவது தண்ணீரைப் போல எத்தனை மடங்கு அடர்த்தி என்ற கணக்கு, ஏறத்தாழ 1.29. உங்கள் கருவி 1.100உடன் நின்றுவிடும்.

இன்னொன்று வாங்காமலே ஒரு வழி உண்டு. 20 கிராம் சீனிக்கு 80 கிராம் தண்ணீர் என்ற கணக்கில் சாடி நிறையக் கரைத்து அளந்து பாருங்கள். 20 பாகையில் அது 1.083. உங்கள் வீட்டுச் சூட்டில் 1.080ஐ ஒட்டி வரும். அந்தக் கோடு நூற்றுக்கு 20 சீனி, தண்ணீரில் வந்த 0.998 சீனியே இல்லாதது என்று குறித்துக்கொள்ளுங்கள், இடையில் வருவதை அந்த விகிதத்தில் கணக்கிடலாம். பிறகு ரசம் ஒரு பங்கு, தண்ணீர் இரண்டு பங்கு, எடையில்தான், கரண்டிக் கணக்கில் அல்ல. ஆறிய பின் அளந்து, வரும் சீனி அளவை மூன்றால் பெருக்குங்கள்.

தண்டில் விரல் எண்ணெய் படக் கூடாது. விட்டதும் மெல்லச் சுழற்றுங்கள், ஒட்டிய குமிழிகள் கழன்றுவிடும். ஒரேயொரு குமிழி போதும், மிதவையைத் தூக்கிவிட. கண்ணை நீர்மட்டத்துக்கு இறக்கி, பிறையுருவின் (தண்டை ஒட்டி வளைந்து நிற்கும் நீர்மட்டத்தின்) அடியை வாசியுங்கள். தண்டில் ஏறி நிற்கும் விளிம்பை வாசிப்பவர்களை நான் பள்ளிக்கூடத்தில் நிறையப் பார்த்துவிட்டேன்.

பஞ்சிகாவத்தைப் பற்றரிக்காரன்

அக்கா, கராஜ் சாமானைச் சமையலறைக்குள் கொண்டுவரவே வேண்டாம். அந்த இறப்பர்க் குமிழுக்குள்ளும் குழாய்க்குள்ளும் கந்தக அமிலமும் ஈயமும் ஊறியிருக்கும். எத்தனை தடவை கழுவினாலும் வாயில் வைக்கும் பொருளுக்கு அது ஆகாது. முழுதாக மின்னேற்றிய பற்றரியில் 1.265 முதல் 1.280 வரை வரும். நாங்கள் பார்ப்பது அவ்வளவுதான். உங்கள் தம்பியிடம் இதையும் சொல்லுங்கள்: தண்ணீர் ஊற்றிய கையோடு அளக்கக் கூடாது. தண்ணீர் மேலேயே நிற்பதால் நல்ல பற்றரியும் செத்தது போலக் காட்டும்.

நெல்லிரசக்காரி, வெள்ளவத்தை

சீனிக் கரைசல் 1.080இலேயே நின்றது, ஐயா! போன வாரத்து ரசமும் கலந்த பின் அதே கோடுதான், அதாவது நூற்றுக்கு 60. நேற்றுக் காய்ச்சியது 1.072. கணக்குப்படி 54 அளவில் வருகிறது. நெல்லிச் சக்கை மிதப்பதால் பிழை வருமா?

பழைய ஆய்கூடத்தார், கொட்டாஞ்சேனை

வரும். மெல்லிய துணியில் வடித்துவிட்டு அளந்து பாருங்கள். கனியின் புளிப்பும் உப்பும் கரைந்திருப்பதால் அந்த 54 முழுக்கச் சீனியும் அல்ல. ஆனால் ஒரு சட்டியை மறு சட்டியோடு ஒப்பிட அது போதும். நேற்றையதை இன்னும் கொஞ்சம் வற்றவிடுங்கள்.