என் டாப் 5 கேம்கள் (ஸ்பாய்லர் உண்டு, அடிக்க வருபவர்கள் வரிசையில் வரவும்)

குதிரைக்காரன்:
ரொம்ப நாளாக மனதுக்குள் அடுக்குவதும் கலைப்பதுமாக இருந்த பட்டியல். 1. விட்சர் 3. 2. ரெட் டெட் ரிடம்ப்ஷன் 2. 3. டார்க் சோல்ஸ், முதல் பாகம். 4. ஹாலோ நைட். 5. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2.

விட்சர் 3 (2015) முதலிடத்தில் இருப்பதற்குக் காரணம் அதில் வரும் ப்ளடி பாரன் (Bloody Baron) என்ற பிரபுவின் கதை. மனைவியையும் மகளையும் காணோம், தேடிக் கொடு என்று ஓர் ஆள் கேட்கிறான், பார்த்தால் பாவமாகத்தான் இருக்கிறது, ஆனால் விசாரிக்க விசாரிக்க, அவர்கள் காணாமல் போகவில்லை, இவனுடைய குடிக்கும் அடிக்கும் பயந்து ஓடிப்போனார்கள் என்று தெரிகிறது. கலைந்துபோன குழந்தை பேயாகத் திரும்பி வரும். அதை வெட்டாமல் விட முடிவெடுத்தால், அவனே அதைக் கையில் ஏந்திக்கொண்டு ராத்திரியில் நடந்து, வீட்டு வாசல்படிக்கு அடியில் புதைத்துப் பெயர் வைப்பான். நாம் பக்கத்தில் நடந்து போக வேண்டும், அவ்வளவுதான். அவனை மன்னிப்பதா வேண்டாமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

குறையா? இருக்கிறது. நாம் ஆடும் நாயகன் ஜெரால்ட் ஒரு பக்கம் திரும்புவதற்குள் லாரி திரும்பிவிடும். ஸ்கெல்லிகே என்ற தீவுப் பகுதியின் கடலில், வரைபடத்தில் கேள்விக்குறியாய்க் கொட்டி வைத்திருக்கிறார்கள், ஒவ்வொன்றுக்கும் படகில் போய், பறந்து வரும் சனியன்களிடம் கடி வாங்கி, கடைசியில் கிடைப்பது விற்றுத் தீர்க்க வேண்டிய பழைய வாள்கள்.

ரெட் டெட் 2 (2018) பற்றி நான் சொல்லி யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

டாட்ஜ்_ரோல்:
சொல்லுங்கள் தல, எனக்குத் தெரிய வேண்டும். ஏனென்றால் அந்த கேமில் நான் ஆடியதாகவே நினைவில்லை, பார்த்ததாகத்தான் நினைவு. குளிரில் குதிரையின் விரை சுருங்குவது வரை வேலை பார்த்தவர்களுக்கு, மிஷனில் பக்கவாட்டிலிருந்து புகுந்து சுடலாமா என்று ஒருவன் யோசிப்பான் எனத் தோன்றவில்லை. வழி காட்டும் மஞ்சள் கோட்டிலிருந்து நாலடி நகர்ந்தால் மிஷன் தோல்வி. அப்புறம் ஒவ்வொரு மேஜை இழுப்பறையையும் கையால் திறந்து, குனிந்து, எடுத்து, மூடி... யப்பா. உலகம் அவ்வளவு பெரிது, மிஷனுக்குள் மூக்கணாங்கயிறு.

கேம் என்றால் கையில் இருக்க வேண்டும். டார்க் சோல்ஸில் (2011) அந்தத் தேவாலயத்துக்குப் பக்கத்தில் ஒரு லிஃப்ட் வருமே, ஏறி நின்றால் கீழே கீழே போய், கதவு திறந்தால் ஆட்டம் தொடங்கிய ஃபயர்லிங்க்! அத்தனை மணி நேரம் உயிரைக் கொடுத்து முன்னேறிப் போனதாக நினைத்தேன், வீட்டுக்கு மேலேயேதான் சுற்றிக்கொண்டு இருந்திருக்கிறேன். ஒரு வசனம் கிடையாது, ஒரு காட்சி கிடையாது. அதை மூன்றாம் இடத்தில் வைக்க உங்களுக்கு எப்படி மனசு வந்தது?

குதிரைக்காரன்:
லிஃப்ட் சரி, ஒப்புக்கொள்கிறேன், எனக்கும் அங்கே சிலிர்த்தது. அதே டார்க் சோல்ஸில் வரும் லாஸ்ட் இசாலித் என்ற இடத்தையும் சொல்லுங்களேன். பாதி கேமுக்கு அப்புறம் வெறும் லாவாவும் காப்பி பேஸ்ட் எதிரிகளும். பெட் ஆஃப் கேயாஸ் என்று ஒரு பாஸ் (பெரிய எதிரி), சண்டையே இல்லை, தரை இடிந்து குழிக்குள் விழுந்து சாவதுதான் ஆட்டம். செத்துத் திரும்பி வந்தாலும் ஏற்கெனவே உடைத்த பக்கம் உடைந்தபடியே இருக்கும், வேறு எந்த பாஸுக்கும் இல்லாத சலுகை. ஏன் கொடுத்தார்கள்? இது நியாயமான சண்டை இல்லை என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது என்பது என் ஊகம்.

ரெட் டெடுக்கு வருகிறேன். இரண்டாவது அத்தியாயத்தில் கடன் வசூலிக்கப் போய் ஒரு நோயாளியை அடிக்கிறோம். அடிக்கும் பொத்தானை அழுத்தியது நான். அவன் நாம் ஆடும் நாயகன் ஆர்தரின் முகத்திலேயே இருமுகிறான், நான் கவனிக்கக்கூட இல்லை, அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். எத்தனையோ மணி நேரம் கழித்து ஆர்தர் தெருவில் சுருண்டு விழ, டாக்டர் காசநோய் என்கிறார். சினிமாவில் அது கதாநாயகன் செய்த தப்பு, இங்கே நான் செய்தது. இதுவும் கையில் இருப்பதுதான்.

டாட்ஜ்_ரோல்:
அடிக்காமல் விட வழி கொடுத்திருந்தால் நீங்கள் செய்தது. வழியே இல்லாமல் ஒரே பொத்தானைக் கொடுத்துவிட்டு, ஐயோ நீதான் செய்தாய் என்றால்? அந்த ப்ளடி பாரன் கதையிலாவது வெட்டவா விடவா என்று கேட்கிறார்கள்.

வெட்டுக்கிளி:
இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொள்ளுங்கள், பட்டியலில் பிரெத் ஆஃப் த வைல்ட் கேம் எங்கே என்று மட்டும் சொல்லிவிடுங்கள். வாள் உடையும் என்று அழுபவர்களை எனக்குத் தெரியும், உடைவதால்தான் கண்ணில் பட்டதை எல்லாம் எடுத்து அடிக்கிறோம். மழையில் மலை ஏறினால் வழுக்குவதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை, அது எரிச்சல்தான். ஒளித்து வைத்திருக்கும் 900 கோரோக் விதைகளையும் தேடி முடித்தால் கிடைக்கும் பரிசு தங்க நிறத்தில் ஒரு மலம். அதற்காகவே அந்த கேமுக்கு ஓர் இடம் கொடுக்கலாம்.

டாட்ஜ்_ரோல்:
ஹாலோ நைட்டைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லையே. நல்ல கேம், ஆனால் வரைபடத்தைக் காசு கொடுத்து வாங்கு, வரைய இறகை வாங்கு, பெஞ்சில் உட்கார்ந்தால்தான் புதிய இடம் வரைபடத்தில் ஏறும், நான் எங்கே நிற்கிறேன் என்று தெரிய சார்ம் (சக்தி தரும் தாயத்து) மாட்டும் இடம் ஒன்றைக் காலி செய்து திசைகாட்டியை மாட்டு. என்ன கொடுமை இது.

குதிரைக்காரன்:
அந்தக் கொடுமைக்காகத்தான் நான்காம் இடம். வழி தெரியாமல் திணறும்போது தரையில் காகிதத் துண்டுகள் கிடக்கும், எங்கிருந்தோ ஒருவன் முனகிப் பாடுவது கேட்கும். வரைபடம் விற்கும் கார்னிஃபர்! அந்த முனகல் கேட்டதும் வருகிற நிம்மதி, வரைபடத்தைச் சும்மா கொடுத்திருந்தால் வருமா? டீப்நெஸ்ட் என்ற இருட்டுப் பகுதியில் தவறி விழுந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

மங்குடை_மன்னன்:
ஏஜ் 2 பற்றி ஒரு வரிகூட எழுதாமல் ஐந்தாம் இடமா? 1999இல் வந்த கேம், இன்னும் புதிது புதிதாக நாகரிகங்கள் சேர்த்து விற்கிறார்கள். குறை ஒன்றே ஒன்று, 40 குதிரை வீரர்களைக் கோட்டை வாசலுக்குள் அனுப்பினால் ஒருவன் உள்ளே போவான், மீதிப் பேர் மதிலைச் சுற்றி உலா வருவார்கள்.

டாட்ஜ்_ரோல்:
சரி தல, ஓர் உண்மை. ரெட் டெடை மூன்றாவது அத்தியாயத்திலேயே விட்டவன் நான், காசநோயும் ஆன்லைனில் படித்துத் தெரிந்ததுதான். நீங்கள் சொன்னதற்காக நேற்று ராத்திரி பழைய சேவ் ஃபைலைத் திறந்தேன். பொத்தான்கள் மறந்துவிட்டன. கடைக்காரருக்கு வணக்கம் சொல்லலாம் என்று அழுத்தினால் அவர் மூஞ்சிக்கு நேரே துப்பாக்கியை நீட்டிவிட்டான் ஆர்தர். ஊரே துரத்துகிறது, தலைக்கு விலை வேறு. இதுவா உங்கள் இரண்டாம் இடம்?

குதிரைக்காரன்:
கையில் துப்பாக்கி இருந்தால் அதே பொத்தான் குறி பார்க்கும், முதலில் உறையில் போட வேண்டும். இதைக் குறையில் எழுத மறந்துவிட்டேன். குதிரை எங்கே நிற்கிறது?

டாட்ஜ்_ரோல்:
தெரியவில்லை. விசில் அடித்துப் பார்க்கிறேன்.