ஏர்பேக் ரீகால் முடியாத காரை தென்னாப்பிரிக்காவின் டர்பனில் விற்கலாமா?

கேள்வி: என் காரில் டக்காட்டா கம்பெனி ஏர்பேக் ரீகால் (குறையுள்ள பாகத்தை மாற்றக் கார் கம்பெனி திரும்ப அழைப்பது) பாக்கி இருக்கு. ரோட்வொர்த்தி (வண்டி ஓட்டத் தகுதியானது என்ற சான்றிதழ்) எடுத்து, ‘ஃபூட்ஸ்டூட்ஸ்’ (உள்ளது உள்ளபடி) என்று எழுதி விற்றால் போதுமா, அண்ணே?

பதில் 1: போதாது தம்பி. ரோட்வொர்த்தியில் ரீகாலைப் பார்க்கமாட்டாங்க. குறை தெரிந்தே மறைத்தால் ஃபூட்ஸ்டூட்ஸ் காப்பாற்றாது. லைசென்ஸ் டிஸ்க்கில் உள்ள 17 எழுத்தும் எண்ணும் கொண்ட வின் எண்ணை (வண்டியின் அடையாள எண்), கார் கம்பெனியின் தளத்தில் போட்டுப் பாருங்க. மாற்றித் தருவது இலவசம். எத்தனையாவது கை என்றாலும் சரி.

பதில் 2: இந்த ஏர்பேக்கை ஊத வைக்கும் இன்ஃப்ளேட்டருக்குள் இருப்பது அம்மோனியம் நைட்ரேட். ஈரமும் சூடும் வருஷக்கணக்கில் மாறிமாறித் தாக்கினால் சிதைந்துபோகும். விபத்தில் ஏர்பேக் விரியும்போது அளவுமீறி எரிந்து உலோகக் கூட்டையே உடைத்து, துண்டுகளை முகத்தில் அடிக்கும். டர்பன் புழுக்கத்தில் கேட்கவே வேண்டாம். ஏர்பேக் ஃபியூஸைப் பிடுங்கி விற்பது இன்னும் மோசம்.

பதில் 3: பார்ட்ஸ் வரத் தாமதமா? ரீகால் விவரத்தை விற்பனைத் தாளிலேயே எழுதி, வாங்குபவரிடம் கையெழுத்து வாங்கிடுங்க.