தோரோங் லா: திரும்பி வந்த முறையும் கடந்து போன முறையும்

நேபாளத்தில் அன்னபூர்ணா மலைத்தொடரைச் சுற்றிச் செல்லும் பாதையின் உச்சியில், 5,416 மீட்டர் உயரத்தில், தோரோங் லா என்னும் கணவாய் இருக்கிறது. திபெத்திய மொழியில் 'லா' என்றாலே கணவாய்தான் என்பதால் அதைத் 'தோரோங் லா கணவாய்' என்று சொல்வது 'நடுசென்டர்' என்பதைப் போன்றது. இருந்தாலும் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம். 2018 அக்டோபரில் அதன் அடிவாரம் வரை போய் நான் திரும்பி வந்தேன். 2024 நவம்பரில் அதைக் கடந்து மறுபுறம் முக்திநாத்தில் இறங்கினேன். இரண்டு முறையும் அணிந்த காலணி ஒன்றுதான், தூக்கிய முதுகுப்பையும் ஒன்றுதான். இடைப்பட்ட ஆறு ஆண்டுகளில் என் வயது கூடியதே தவிர உடல் வலிமை கூடவில்லை. வேறுபட்டது விடுப்பு நாட்களின் எண்ணிக்கை மட்டுமே. ஆகவே பொருட்களின் பட்டியலை விட நாட்களின் கணக்கைப் பற்றியே இங்கே அதிகமாக எழுதப் போகிறேன்.

முதல் முறை ஆயுத பூஜை விடுமுறையையும் முன்பின் சனி ஞாயிறுகளையும் சேர்த்துப் பதினொரு நாட்கள் கிடைத்தன. நண்பர் ஒருவரும் நானும் சென்னையில் மேசைமுன் உட்கார்ந்து, அந்தப் பதினொன்றுக்குள் எல்லாவற்றையும் அடைத்தோம். காத்மாண்டுக்கு ஒரு நாள், 760 மீட்டரில் இருக்கும் பேசிசஹருக்கு ஒரு நாள், அங்கிருந்து ஜீப்பில் 2,670 மீட்டரிலுள்ள சாமேவுக்கு ஒரு நாள், பிறகு பிசாங், மனாங், யாக் கர்கா, தோரோங் பேடி என்று நாளுக்கு ஓர் ஊர். தாளில் பார்த்தபோது அது மிக அழகான திட்டமாக இருந்தது. மூவாயிரம் மீட்டருக்கு மேல் இரவு தங்கும் உயரத்தை நாளுக்கு ஐந்நூறு மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்றும், மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னொரு இரவு தங்க வேண்டும் என்றும் சொல்லப்படும் விதியில் முதல் பாதியைக் கிட்டத்தட்டப் பின்பற்றியிருந்தோம். இரண்டாம் பாதிக்குத்தான் எங்களிடம் நாள் இல்லை.

3,540 மீட்டரில் இருக்கும் மனாங்கில் இமாலய மீட்புச் சங்கத்தின் சிறு மருத்துவ நிலையம் ஒன்று உண்டு. பருவ காலத்தில் அங்கே பிற்பகல் மூன்று மணிக்கு மருத்துவர்கள் உயர நோயைப் பற்றி விளக்கம் அளிப்பார்கள். நாங்கள் ஊருக்குள் நுழைந்தபோது நாலரை மணி. மறுநாள் மூன்று மணிக்கோ யாக் கர்காவில் இருந்தாக வேண்டும். எனவே அந்தக் கட்டடத்தை வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டு நகர்ந்தோம்.

யாக் கர்காவில் இரவு உணவின்போதே எனக்குத் தலைவலி தொடங்கிவிட்டது. நெற்றியைச் சுற்றித் துண்டை இறுக்கிக் கட்டியதுபோல் இருந்தது. நண்பர் கேட்டபோது, வெயில் பட்டதால் இருக்கும் என்று சொன்னேன். அது பொய் என்று சொல்லும்போதே எனக்குத் தெரியும். தலைவலி என்று ஒப்புக்கொண்டால் ஒரு நாள் தங்க வேண்டும், ஒரு நாள் தங்கினால் விமானம் போய்விடும். விடுப்புக் கணக்கு நெருக்கும்போது மனிதன் தன் உடம்பைப் பற்றியே பொய் சொல்லத் துணிகிறான் என்பதை நான் அன்றுதான் கண்டேன். மறுநாள் பேடிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒரு வாய் சோறு இறங்கவில்லை, மாலைக்குள் இரண்டு முறை வாந்தி. விடுதியை நடத்தும் அம்மையார் என்னை எழுப்பி நிற்க வைத்து, தரையில் பதித்திருந்த பலகையின் விளிம்பைக் காட்டி, ஒரு பாதத்தின் குதிகாலை மறு பாதத்தின் விரலோடு ஒட்டி வைத்து அதன்மேல் நடக்கச் சொன்னார். குடிபோதையைச் சோதிப்பது போல இருந்ததால் எனக்குச் சிரிப்பு வந்தது, அவருக்கு வரவில்லை. தடுமாறினால் மூளையில் நீர் கோத்திருக்கலாம் என்றும், அப்படியானால் இருட்டு, குளிர் என்று பாராமல் அந்தக் கணமே கீழே இறங்க வேண்டும் என்றும் பிறகுதான் அறிந்தேன். நான் நேராகவே நடந்தேன். இருந்தும் அவர் இரவில் இரண்டு முறை எழுப்பி மறுபடி நடக்க வைத்தார். விடியலில், மற்றவர்கள் நெற்றி விளக்குகளோடு வரிசையாக மேலே ஏறிக்கொண்டிருக்க, நாங்கள் இருவர் மட்டும் எதிர்த்திசையில் இறங்கினோம். மனாங்கை எட்டுவதற்கு முன்பே பசி எடுத்தது. இறங்குவதைப் போன்ற மருந்து வேறில்லை.

இரண்டாவது பயணத்துக்கான ஏற்பாட்டை நான் பின்னாலிருந்து தொடங்கினேன். மொத்தம் பதினெட்டு நாட்கள் கிடைக்கும் வரை போவதில்லை என்று முடிவு செய்தேன். அதில் மூன்று நாட்களுக்கு எந்த ஊரின் பெயரும் எழுதவில்லை. அவற்றில் ஒன்றை மனாங்கிலும், ஒன்றை உடம்புக்கும், ஒன்றை வானிலைக்கும் என்று மனத்துக்குள் ஒதுக்கியிருந்தாலும், தாளில் அவை வெறும் கோடுகளாகவே இருந்தன. திட்டமிடுதலில் நான் செய்த உருப்படியான ஒரே காரியம் அதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

வானிலையைப் பற்றித் தமிழ்நாட்டவருக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. அக்டோபரில் வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவானால் நமக்கு மழை வருமா என்று பார்ப்போம். இமயத்தில் இருப்பவரும் அதையே பார்க்க வேண்டும். 2014 அக்டோபர் 12 அன்று விசாகப்பட்டினத்தில் கரையைக் கடந்த ஹூட்ஹூட் புயல் வலுக்குறைந்து வடக்கே நகர்ந்து, 14ஆம் தேதி இதே கணவாயில் கடும் பனிப்புயலாகக் கொட்டியது. அந்தப் பேரிடரில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். கணவாயைக் கடந்து முக்திநாத் பக்கம் இறங்கும்போது வழி தெரியாமல் பனியில் சிக்கியவர்கள் அவர்களில் பலர். 2024 அக்டோபர் 24 இரவு டானா புயல் ஒடிசாவில் கரையேறத் தொடங்கியபோது நான் இன்னும் சென்னையில்தான் இருந்தேன். இருந்தாலும் அது எந்தப் பக்கம் திரும்புகிறது என்று இரண்டு நாட்கள் பார்த்துக்கொண்டே இருந்தேன். தீபாவளி முடிந்த மறுநாள் கிளம்பினோம்.

உடற்பயிற்சியைப் பொறுத்தவரை, சென்னையில் இருந்துகொண்டு உயரத்துக்குப் பழக வழியே இல்லை. தமிழ்நாட்டின் மிக உயர்ந்த இடமான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். தோரோங் லாவில் பாதிகூட இல்லை. அங்கே காற்றில் ஆக்சிஜனின் விகிதம் குறைவதில்லை, காற்றழுத்தம்தான் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழப் பாதியாகிவிடுகிறது. எனவே ஒவ்வொரு மூச்சுக்கும் கிடைப்பதும் பாதிதான். ஓட்டப் பந்தயக்காரரையும் உயர நோய் விடாது. ஆனால் கால்களைப் பழக்கலாம். ஐந்து மாதங்கள், வாரத்தில் நான்கு நாட்கள், முதுகுப்பையில் ஐந்து லிட்டர் தண்ணீர் கேன்கள் இரண்டை வைத்துக்கொண்டு அடுக்குமாடிப் படிகளில் ஏறி இறங்கினேன். மூன்றாம் தளத்துப் பெரியவர் ஒருவர் லிஃப்ட் பழுதாகிவிட்டதென்று நினைத்துச் செயலாளரிடம் புகார் செய்ததும் நடந்தது. ஏறுவதை விட இறங்குவதில் கவனம் வேண்டும். கணவாயிலிருந்து முக்திநாத்துக்கு ஒரே நாளில் 1,600 மீட்டர் இறங்க வேண்டியிருக்கிறது, முழங்கால்கள் அன்றுதான் பழி வாங்கும். வெள்ளியங்கிரி ஏழு மலையையும் ஏறி இறங்கியவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

காகித வேலைகள் நமக்கு எளிது. இந்தியக் குடிமக்களுக்கு விசா தேவையில்லை. கடவுச்சீட்டோ வாக்காளர் அடையாள அட்டையோ போதும். ஆதார் அட்டையை மட்டும் நம்பி விமான நிலையத்துக்குப் போகக்கூடாது. அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்கான அனுமதிக்கு நாங்கள் போனபோது சார்க் நாட்டினரிடம் 1,000 நேபாள ரூபாய் வாங்கினார்கள், மற்ற வெளிநாட்டினரிடம் 3,000. 2023 ஏப்ரல் முதல் வெளிநாட்டினர் வழிகாட்டியோடுதான் செல்ல வேண்டும் என்ற விதியும் வந்திருக்கிறது. காப்பீடு எடுப்பவர்கள் பத்திரத்தின் சிறிய எழுத்துகளைப் படித்துவிடுவது நல்லது. நான் முதல் முறை எடுத்துச்சென்ற காப்பீடு நான்காயிரம் மீட்டருக்கு மேல் செல்லாது என்பதைத் திரும்பி வந்த பிறகே கண்டுபிடித்தேன்.

மருந்துகளில் அசெட்டசோலமைடைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். என் மருத்துவர், சல்ஃபா மருந்துகளுக்கு ஒவ்வாமை உண்டா என்று விசாரித்துவிட்டு, 125 மில்லிகிராம் காலையும் இரவும் எழுதித் தந்தார். சாமேவில் தொடங்கினேன். விரல் நுனிகளில் எறும்பு ஊர்வது போன்ற உணர்வும், இரவில் பலமுறை எழுந்து குளிரில் வெளியே போக வேண்டிய தொல்லையும் இருந்தன. ஆனால் அது உடம்பு உயரத்துக்குப் பழகுவதை விரைவுபடுத்தும் மருந்தே அன்றி, நோயோடு மேலே ஏற வழங்கப்படும் அனுமதி அல்ல. அவரவர் மருத்துவரிடம் கேட்டே எடுக்க வேண்டும்.

உணவு விஷயத்தில் ஓர் உபாயம் பலித்தது. உயரம் கூடக் கூடப் பசி மங்கும். பருப்பும் சோறும் தினமும் இருவேளை வந்துகொண்டே இருக்கும். அம்மா வறுத்து அரைத்துக் கொடுத்த பருப்புப்பொடியை, யாக் கர்காவில் அவித்த உருளைக்கிழங்கின் மேல் தூவிச் சாப்பிட்டோம். எங்கள் வழிகாட்டி ஒரு துண்டைச் சுவைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கணவாயை அடைவதற்குள் அரைக் கிலோவும் தீர்ந்துவிட்டது.

இந்த முறை மனாங்கில் மூன்று இரவுகள் தங்கினோம். பகலில் 4,600 மீட்டரிலுள்ள பனி ஏரி வரை ஏறிப் பார்த்துவிட்டு, உறங்குவதற்குக் கீழே வந்தோம். மூன்று மணி விளக்கத்துக்கு அரைமணி முன்பாகவே போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன். சென்ற முறை நான் செய்ததை அந்த மருத்துவர் யாரோ ஒருவர் செய்ததாக வரி பிசகாமல் விவரித்தார். தலைவலியோடு மேலே போகிறவர்களில் பலருக்கும் விமானச் சீட்டு ஒரு காரணமாக இருக்கிறது என்று அவர் சொன்னபோது நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பேடியில் 2018இல் என்னை நடக்க வைத்த அந்த அம்மையாரைத் தேடினேன். விடுதி கைமாறியிருந்தது. பலகை மட்டும் அப்படியே இருந்தது. யாரும் பார்க்காதபோது ஒருமுறை அதன்மேல் நடந்து பார்த்துக்கொண்டேன்.

விடியற்காலை நான்கு மணிக்குப் புறப்பட்டோம். பத்து மணிக்கு மேல் கணவாயில் காற்று தள்ளத் தொடங்கிவிடும் என்பதால்தான் அந்த நேரம். தண்ணீர்ப் புட்டியைத் தலைகீழாக வைத்துக்கொள்ளச் சொன்னார் வழிகாட்டி. தண்ணீர் மேற்பரப்பில்தான் முதலில் உறையும், கவிழ்த்து வைத்தால் மூடிப்பக்கம் நீராகவே இருக்கும். குழாய் வைத்த நீர்ப்பை கொண்டுவந்த நண்பருக்கு அரைமணி நேரத்தில் குழாய் உறைந்துபோனது. கைப்பேசியையும் விளக்கின் மாற்று பேட்டரிகளையும் இரவு முழுக்கத் தூக்கப்பைக்குள் என்னோடு படுக்க வைத்திருந்தேன். வழிகாட்டி எங்கள் போர்ட்டரை நொடிக்கொரு தரம் 'தாய், தாய்' என்று அழைப்பதைக் கேட்டு முதல் இரண்டு நாட்கள் திகைத்திருந்தோம். நேபாளியில் அண்ணனை அப்படித்தான் அழைப்பார்களாம். எங்களிடம் அவர் சொன்னதெல்லாம் 'பிஸ்தாரி, பிஸ்தாரி' என்பது மட்டுமே. மெதுவாக, மெதுவாக. ஓர் அடிக்கு ஒரு மூச்சு என்று தொடங்கி, உச்சியை நெருங்கும்போது ஓர் அடிக்கு மூன்று மூச்சாயிற்று. இதோ உச்சி என்று தோன்றும் மேடு ஒவ்வொன்றின் பின்னாலும் இன்னொரு மேடு இருந்தது. எட்டேகால் மணிக்குப் பிரார்த்தனைக் கொடிகள் கண்ணில் பட்டன. அங்கே இருபது நிமிடங்களுக்கு மேல் நிற்கவில்லை, நிற்கவும் முடியவில்லை.

முக்திநாத்துக்கு இறங்கியபோது மாலை மூன்று மணி. 108 திவ்ய தேசங்களில் ஒன்றான சாளக்கிராமம் என்று வைணவர்கள் கொண்டாடும் தலம் அது. திருமங்கையாழ்வார் பதிகம் பாடியிருக்கிறார். கோயிலுக்குப் பின்னால் வரிசையாக இருக்கும் 108 நீர்த்தாரைகளின் அருகே, சால்வையைத் தலையோடு போர்த்திய ஸ்ரீரங்கத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். பொக்ராவிலிருந்து ஜீப்பில் ஒரே நாளில் வந்திருந்தார்கள். அதாவது, நாங்கள் பத்து நாட்களில் பழகிக்கொண்ட உயரத்துக்கு அவர்கள் சில மணி நேரத்தில் ஏறியிருந்தார்கள். அவர்களில் எழுபது வயதிருக்கும் ஒரு மாமி, காலையிலிருந்து காபி கிடைக்காததால் தலை இடிக்கிறது என்றார். காபி காரணமாக இராது, இங்கே இரவு தங்காமல் ஆயிரம் மீட்டர் கீழே இருக்கும் ஜோம்சோமுக்கு உடனே இறங்கிவிடுங்கள் என்று அவரிடமும் அவர்களை அழைத்து வந்தவரிடமும் சொன்னேன். நல்லவேளையாக அவர்கள் மறுக்கவில்லை. பையிலிருந்து இரண்டு தட்டையை எடுத்து என் கையில் வைத்துவிட்டு, நாங்கள் எந்த வழியாக வந்தோம் என்று மாமி விசாரித்தார். பின்னால் வெள்ளையாக நின்ற மலையின் பிளவைக் காட்டினேன். கண்ணைச் சுருக்கி அதைச் சிறிது நேரம் பார்த்தார்.

"அங்கேர்ந்தா நடந்து வந்தேள்? ஏன், ஜீப் கிடைக்கலையா?"