பழைய போர்ட்டபிள் ஆம்ப்ளிஃபயர்: இருபது நிமிடத்தில் குரல் உடைந்துவிடுகிறது, என்ன செய்யலாம்?

கதைசொல்லி:

வணக்கம். மாமா பல வருஷம் வைத்திருந்த போர்ட்டபிள் ஆம்ப்ளிஃபயர் இப்போது என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. தோளில் மாட்டுகிற பெட்டி, ஸ்பீக்கர் உள்ளேயே இருக்கிறது, 12 வோல்ட் பேட்டரி, ஒயர் மைக். வாராவாரம் திறந்த வெளியில் குழந்தைகளுக்குக் கதை சொல்கிறேன், முப்பது நாற்பது பேர் வருவார்கள், தொண்டை தாங்கவில்லை என்றுதான் இதை எடுத்தேன். ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டாலும் இருபது நிமிடத்தில் குரல் உடைய ஆரம்பிக்கிறது, ராட்சசன் குரலில் நான் கத்தும்போது சிவப்பு விளக்கு மங்கி, சத்தமே நின்றுவிடுகிறது (குழந்தைகளுக்குச் சிரிப்பு, எனக்கு அழுகை). வால்யூம் திருகைத் தொட்டால் கரகர. மைக் ஒயர் அசைந்தால் குரல் விட்டு விட்டு வருகிறது. கொஞ்சம் கூட்டி வைத்தால் ஊளை. திறந்து பார்த்தேன், உள்ளே எல்ஏ4440 ஐசி (சத்தத்தைப் பெருக்குகிற சில்லு) இருக்கிறது. மல்டிமீட்டர் உண்டு, சாலிடர் சுமாராகப் பிடிப்பேன். எங்கே தொடங்குவது? இல்லை, தூக்கிப் போட்டுவிடலாமா?

பழைய_ரேடியோ:

தூக்கிப் போடாதீர்கள். நீங்கள் சொன்ன எதுவும் போர்டுக் கோளாறு மாதிரி தெரியவில்லை. விளக்கு மங்குகிறது என்றீர்களே, அதிலேயே பாதி பதில் இருக்கிறது.

பேட்டரியைச் சும்மா அளந்தால் ஏமாந்துவிடுவீர்கள். முழு சார்ஜ் ஏறி, ஒரு மணி நேரம் ஆறின லெட் ஆசிட் (ஈயமும் அமிலமும் உள்ள) பேட்டரி 12.7 வோல்ட் காட்டும், செத்த பேட்டரியும் சில சமயம் அதையே காட்டும். அதனால் மீட்டர் முனைகளைப் பேட்டரியில் வைத்துக்கொண்டே மைக்கில் உங்கள் ராட்சசனை வரவழையுங்கள். எண் 10.5க்குக் கீழே சரிந்தால் பேட்டரி முடிந்தது. புதிதாக வாங்கும்போது அதே வோல்ட், அதே அளவுப் பெட்டி, சிவப்பு கருப்பு மாறாமல் மாட்டுங்கள். அதுவரை அடாப்டரில் ஓட்டலாம் என்று கையில் கிடைத்த 19 வோல்ட் லேப்டாப் அடாப்டரைக் குத்திவிடாதீர்கள், அந்த ஐசி 13.2 வோல்ட்டை மனதில் வைத்துச் செய்தது, ஓடும்போது 18ஐத் தாண்டக்கூடாது.

இன்னொன்று, ராத்திரி முழுக்க சார்ஜ் என்கிறீர்கள். பழைய சார்ஜர்கள் நிறைய தானாக நிற்காது, நிரம்பின பிறகும் தள்ளிக்கொண்டே இருக்கும், பேட்டரி சூடாகி உப்பும். சார்ஜ் முடிகிற நேரத்தில் அளந்து பாருங்கள், 14.4க்கு மேலே போய்க்கொண்டே இருந்தால் சார்ஜரையும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் புதுப் பேட்டரிக்கும் இதே கதிதான். ஏற்கெனவே உப்பியிருந்தால் இனி சார்ஜே போடாதீர்கள். உள்ளே ஈயம், குப்பையில் போடாமல் பழைய பேட்டரி எடுக்கிறவர்களிடம் கொடுங்கள்.

நீல_ஒயர்:

மைக் பற்றி நான் சொல்கிறேன். பத்துக்கு எட்டு முறை ஒயர் அறுந்திருப்பது பெட்டியில் செருகுகிற பின்னுக்குள் நுழைகிற இடத்தில்தான், அங்கேதான் எல்லாரும் பிடித்து இழுப்பார்கள். மைக் சுவிட்சை ஆன் செய்து, பின்னின் நுனிக்கும் அடிப்பாகத்துக்கும் மீட்டரை வையுங்கள். டைனமிக் மைக் (உள்ளே காந்தமும் கம்பிச் சுருளும் இருக்கிற வகை) என்றால் சில நூறு ஓம் காட்டும், மீட்டரைத் தொடும்போது மைக்கிலிருந்தே டிக் என்று ஒரு சின்னச் சத்தம் வரும். அப்படியே ஒயரை வளையுங்கள், எண் எங்கே தாவுகிறதோ அங்கேதான் அறுபட்டிருக்கிறது. இரண்டு அங்குலம் வெட்டி எறிந்துவிட்டு நடுக்கம்பியை நுனியிலும் சுற்றுவலையை அடிப்பாகத்திலும் பற்றவையுங்கள். பின்னின் மூடியை முதலில் ஒயருக்குள் கோர்த்துவிட்டீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நான் எத்தனை முறை பற்றவைத்து முடித்துவிட்டு மேசையில் கிடக்கிற மூடியைப் பார்த்துத் தலையில் அடித்திருப்பேன், கணக்கே இல்லை.

ஊளைக்குக் காரணம் பெட்டியைத் தோளில் மாட்டியிருப்பதுதான், ஸ்பீக்கர் சத்தம் நேராக மைக்குக்கே போகிறது. கீழே இறக்கி உங்களுக்கு இரண்டு மூன்று அடி முன்னால் குழந்தைகளைப் பார்த்து வையுங்கள். மைக்கை வாயிலிருந்து நாலு விரல் தூரத்தில் பிடியுங்கள். தள்ளிப் பிடித்துக்கொண்டு வால்யூமைக் கூட்டினால் ஊளைதான் கூடும். மைக்கின் வலைத் தலையைக் கையால் பொத்தவும் வேண்டாம், பின்பக்கச் சத்தத்தை ஒதுக்குகிற துளைகள் அங்கேதான் இருக்கின்றன.

அவசரக்காரன்:

இவ்வளவு பாடு எதற்கு, ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர் வாங்கிவிட்டுப் போங்களேன்.

பழைய_ரேடியோ:

பாட்டு கேட்க சரி. மைக் குரலை ப்ளூடூத்தில் அனுப்பினால் நீங்கள் ஒரு சொல் சொல்லி முடிக்கும்போதுதான் அது பெட்டியிலிருந்து வரும், உங்கள் குரலே உங்களைத் தடுக்கும். ஒயர் மைக்கில் அந்தத் தொல்லை இல்லை.

கதைசொல்லி:

எல்லாருக்கும் நன்றி. சும்மா இருக்கும்போது 12.6, ராட்சசன் வந்ததும் 9.1! புதுப் பேட்டரி போட்டாயிற்று, ஒன்றரை மணி நேரம் ஓடியது. ஒயரும் சரி (மூடியை மறந்தேன், திரும்பப் பற்றவைத்தேன், சிரிக்காதீர்கள்). திருகின் கரகர மட்டும் பாக்கி. சொட்டு எண்ணெய் விடலாமா?

நீல_ஒயர்:

எண்ணெய் வேண்டவே வேண்டாம், தூசியைச் சேர்த்துப் பிசினாக்கிவிடும். எலக்ட்ரானிக்ஸ் கடையில் கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே கேளுங்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டு, திருகின் கால்களுக்கு மேலே தெரிகிற இடுக்கில் ஒரு சின்ன அடி, அப்புறம் இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை முப்பது முறை திருப்புங்கள், கால் மணி நேரம் காயவிட்டு ஆன் செய்யுங்கள்.

பழைய_ரேடியோ:

அப்படியும் போகாவிட்டால் திருகைக் குறை சொல்லாதீர்கள். ஆன் செய்த நிலையில் அதன் இரண்டு ஓரக் கால்களுக்கு நடுவே டிசி வோல்ட் அளந்து பாருங்கள். பூஜ்யத்தை ஒட்டி இல்லாமல் ஏதாவது காட்டினால், அதற்கு முன்னால் டிசியைத் தடுக்க வைத்திருக்கிற சின்ன கெபாசிட்டர் அதைக் கசியவிடுகிறது, திருகைப் புதிதாகவே போட்டாலும் கரகர வரும். அதே மதிப்பில் ஒன்று வாங்கி, கோடு போட்ட கால் எந்தப் பக்கம் இருந்தது என்று போட்டோ எடுத்துவிட்டுக் கழற்றுங்கள். அப்புறம் விடுமுறையில் பெட்டியை மூலையில் வைத்து மறந்துவிடாதீர்கள், உபயோகிக்காவிட்டாலும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சார்ஜ் காட்டுங்கள்.

கதைசொல்லி:

ஸ்பிரே வாங்கப் போகிறேன். சனிக்கிழமை ராட்சசன் கதைதான், எப்படி இருந்தது என்று வந்து சொல்கிறேன்.