பர்வதமலைக்கு 5 வாட் செட் போதுமா, 100 வாட் வேண்டுமா?

செப்புக்கம்பி:
சென்ற மாதம் திருவண்ணாமலை மாவட்டத்திலுள்ள பர்வதமலைக்கு அமெச்சூர் ரேடியோ நிலையத்தைச் சுமந்து ஏறினேன். 100 வாட் செட், 7 ஆம்பியர்-மணி ஈய பேட்டரி, கேபிள், கம்பம் எல்லாம் சேர்ந்து எட்டு கிலோவுக்கு மேல். பாறையில் அடித்த கடப்பாறைகளைப் பிடித்து ஏறும் கடப்பாறைப் படிக்கு இரண்டு கைகளும் வேண்டும். முதுகுச் சுமை பின்னால் இழுத்தபோது உண்மையிலேயே பயந்தேன். அடுத்த முறை 5 வாட் செட், சிறிய லித்தியம் பேட்டரி, 20 மீட்டர் மெல்லிய கம்பி, அவ்வளவுதான். மலைக்கு அதற்கு மேல் தேவையில்லை என்பது என் முடிவு.

கடலோரக் குரல்:
ஓஎம் (ரேடியோ நண்பர்களை நாம் அழைக்கும் சொல்), நான் உடன்படவில்லை. உங்களைக் கேட்பவர் மலையில் இல்லை. சென்னை அடுக்குமாடி வீட்டில், எல்ஈடி விளக்குகளும் இன்வர்ட்டர்களும் எழுப்பும் இரைச்சலுக்கு நடுவே இருக்கிறார். அவருடைய செட்டில் சிக்னல் வலிமையை எஸ் புள்ளிகளில் காட்டும் மீட்டர் இரைச்சலுக்கே எஸ்-7 காட்டும்போது எஸ்-6 அளவில் வரும் குரலை எப்படிப் பிரித்தறிவார்? 5 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் இடையே உள்ள 13 டெசிபெல் சிக்னல் வலிமைதான் அங்கே பேச்சுக்கும் மௌனத்துக்கும் உள்ள வேறுபாடு.

இன்னொன்று. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி தாக்கியபோது அமெச்சூர் ரேடியோ இயக்குநர் பாரதி பிரசாத் அந்தமானின் போர்ட் பிளேரில் ரேடியோ நிலையத்துடன் இருந்தார். அந்தமானிலிருந்து வெளியுலகுக்குச் செய்தி போனதில் அவருடைய குழுவுக்குப் பெரும் பங்கு உண்டு. நாம் வெளியிடத்தில் நிலையம் அமைத்துப் பழகுவது அப்படி ஒரு நாளுக்காகத்தான். அன்று குரல் போய்ச் சேர வேண்டும்.

செப்புக்கம்பி:
ஐயா, அவரை நானும் வணங்குகிறேன். ஆனால் அது ஊருக்குள் முன்கூட்டியே அமைத்திருந்த நிலையம். தோளில் சுமந்து ஏறுவது வேறு கணக்கு.

13 டெசிபெல் என்பது மீட்டரில் இரண்டு எஸ் புள்ளிகளுக்குச் சற்று மேல். அதை ஆன்டெனாவில் ஈட்ட முடியும் என்பதே என் வாதம். பலர் 100 வாட் செட்டுடன் ஒன்றரை மீட்டர் குச்சி ஆன்டெனாவை எடுத்துப் போகிறார்கள். நாம் பேசும் 7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அது அனுப்பும் சக்தியின் பெரும்பகுதி சுருளிலும் தரையிலும் சூடாகிக் கரைந்துவிடும். அதே இடத்தில் பக்கத்துக்குப் பத்து மீட்டராக ஒரு டைபோலை, அதாவது நடுவிலிருந்து இருபுறமும் நீளும் கம்பி ஆன்டெனாவை, கட்டி 5 வாட் செலுத்திப் பாருங்கள். கம்பியின் எடை சில நூறு கிராம். நடுவே தாங்க ஃபைபர்கிளாஸ் தூண்டில் கழி போதும். கார்பன் கழி வேண்டாம், அது மின்சாரத்தைக் கடத்தும்.

உயரமாகக் கட்டவும் வேண்டியதில்லை. நாலைந்து மீட்டரில் கட்டினால் பகலில் அலைகள் ஏறக்குறைய நேராக மேலே போய், வானில் உயரே உள்ள அயனி மண்டலத்தில் திரும்பி, சில நூறு கிலோமீட்டர் சுற்றளவுக்கு இறங்கும். சென்னையும் பெங்களூரும் அதற்குள் அடங்கிவிடும்.

புதிய உரிமம்:
எனக்கு ஒரு சந்தேகம். 7 மெகாஹெர்ட்ஸில் அலை மேலே போய்த்தான் இறங்குகிறது என்றால் மலை ஏறுவதே எதற்கு?

செப்புக்கம்பி:
நல்ல கேள்வி, தம்பி. மலையின் உயரம் 144 மெகாஹெர்ட்ஸ் கைச்செட்டுக்குத்தான் பெரிதும் உதவும். 7 மெகாஹெர்ட்ஸில் மலை தரும் வரம் வேறு: அங்கே மின் இரைச்சல் மிகக் குறைவு. வீட்டில் கேட்காத சிக்னல்கள் அங்கே தெளிவாகக் கேட்கின்றன. ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: பக்தர்கள் நடக்கும் பாதையின் குறுக்கே கம்பியை இழுக்காதீர்கள்.

கடலோரக் குரல்:
நீங்கள் சொன்னதே என் பக்கம் நிற்கிறது. மலையில் இரைச்சல் இல்லை. அதனால் உங்களுக்கு எல்லோரும் கேட்கிறார்கள். அவர்களுக்கு நீங்கள் கேட்கவில்லை! புள்ளி-கோடு ஒலிகளாலான மோர்ஸில் 5 வாட் வெகுதூரம் போகும், மறுக்கவில்லை. ஆனால் புதியவர்கள் எடுக்கும் கட்டுப்படுத்தப்பட்ட தர (Restricted Grade) ரேடியோ உரிமத்துக்கு மோர்ஸ் தேர்வு கிடையாது. இந்தத் தம்பி போன்றவர்கள் குரலில்தானே பேசுவார்கள்? நல்ல டைபோலையே கட்டுங்கள், அதில் 100 வாட்டையும் கொடுங்கள் என்கிறேன்.

செப்புக்கம்பி:
கொடுக்கலாம், பேட்டரி விட்டால். 100 வாட் செட் பேசும்போது 20 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். என் ஈய பேட்டரி அதைத் தாங்கவில்லை. மின்னழுத்தம் 11 வோல்ட்டுக்குக் கீழே சரிந்து குரல் சிதைந்தது. பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாலே ஒரு ஆம்பியருக்கு மேல் போகிறது. 5 வாட் செட்டுக்குப் பேசும்போது இரண்டு ஆம்பியர், கேட்கும்போது அதில் சிறு பங்கு. 3 ஆம்பியர்-மணி பேட்டரி அரைநாள் உழைக்கும்.

கடலோரக் குரல்:
ஈய பேட்டரியைக் கைவிட்டது சரி. 12.8 வோல்ட் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி என்றால் 6 ஆம்பியர்-மணிக்கு ஒரு கிலோகூட வராது, மின்னழுத்தமும் அவ்வளவு சரியாது. சக்தியிலும் ஒரு படி இறங்கி வருகிறேன். சியெகு ஜி90 போன்ற 20 வாட் செட் இரண்டு கிலோவுக்குள்தான் இருக்கும். 5 வாட்டைவிட ஒரு எஸ் புள்ளி கூடுதல். அதற்குக் கீழே குரலில் இறங்க மாட்டேன்.

செப்புக்கம்பி:
நான் இன்னும் 5 வாட்டில்தான் நிற்கிறேன். ஆனால் மழைக்காலத்துக்கு முன் ஒரு ஞாயிறு சேர்ந்து ஏறுவோம். ஒரே டைபோல், ஒரே மணி நேரம், இரண்டு செட்டும் மாறி மாறி. எதிர்முனையில் இருப்பவரிடம் எது எந்தச் செட் என்று சொல்லாமல் சிக்னல் அளவைக் கேட்போம்.

கடலோரக் குரல்:
வருகிறேன். என் செட்டையும் பேட்டரியையும் கடப்பாறைப் படியில் நானேதான் சுமப்பேன்.