இளையோர் ஒன்றியம்: மனதை விட்டுப் போகாத ஒரு நாள்

முன்னாள் செயலாளர், கிளிநொச்சி

எங்கள் பங்கு இளையோர் ஒன்றியத்தில் தலைமைத்துவப் பயிற்சி என்று ஒரு நாள் வைத்தோம். எல்லாப் பங்கிலும் நடக்கிற அதே நிகழ்ச்சிதான்: காலையில் பெயர் சொல்லும் விளையாட்டு, பத்து மணிக்குப் பணிசும் பிளேன்ரீயும், மதியம் சோற்றுப் பார்சல், அதன்பின் அரைத் தூக்கத்தில் தியானம். நகரத்திலிருந்து வந்த வளவாளர் ஆளுக்கொரு துண்டுக் காகிதம் கொடுத்தார். மனதிலுள்ள பெரிய பாரத்தை எழுதச் சொன்னார். பெயர் வேண்டாம், பீடத்தின் முன் எரித்துவிடலாம் என்றார். செயலாளர் என்பதால் சட்டியை ஏந்திக்கொண்டு காகிதங்களைச் சேகரித்தது நான்.

ஒன்று மடிப்பு விரிந்து கிடந்தது. "புதன்கிழமைகளில் அம்மா குசினிக்குள் ஒளித்துக்கொள்வார். வாசலில் நின்று பொய் சொல்வது நான். இன்னும் 17 கிழமை." அவ்வளவுதான். நுண்கடன்காரர் தவணை அறவிட வீடு வீடாக வருகிற நாளைப் பற்றி இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. கையெழுத்தும் தெரிந்ததுதான். ஞாயிறுதோறும் பாடல் இலக்கங்களைக் கரும்பலகையில் எழுதுகிறவள் ஏழின் நடுவே ஒரு சிறு கோடு போடுவாள். அந்தக் கோடு காகிதத்திலும் இருந்தது.

எரித்தோம். பாடினோம். "பாரம் இறங்கிவிட்டதா?" என்று வளவாளர் கேட்டபோது எல்லோரும் உரக்க "ஆம்" என்றோம். அவளும் சொன்னாள். "42 இளையோர் பங்குபற்றிப் பயன்பெற்றனர்" என்று அறிக்கை எழுதியதும் நான்தான். இரண்டு மாதங்களில் அவள் வருவது நின்றுவிட்டது. ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிறாள் என்றார்கள்.

மறையாசிரியை, மன்னார் பெருநிலப்பரப்பு

தம்பி, பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லி வாங்கிய காகிதத்தை நீங்கள் வாசித்ததே பிழை. வாசித்த பிறகு அந்த வீட்டுப் படியை மிதிக்காதது அதைவிடப் பெரிய பிழை. போனீர்களா, இல்லையா? அதை எழுதவில்லையே.

என்னுடையது பழைய கதை. 2008 ஏப்ரலில் போரால் மடு மாதாவின் திருச்சொரூபமே தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்தது, நாங்கள் எம்மாத்திரம்! ஓடி ஓடிக் கடைசியில் 2009 இல் மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாம். ஞாயிறு மறைக்கல்விக்குப் பிள்ளைகளைக் கூப்பிட்டால் ஒருவரும் வரவில்லை. கோபத்தோடு தேடிப் போனேன். எல்லோரும் தண்ணீர் வரிசையில் நின்றார்கள். இடத்தை விட்டால் கான் நிரம்பாது, கான் நிரம்பாவிட்டால் வீட்டில் சமையல் இல்லை. ஆகவே வரிசையிலேயே வகுப்பு நடத்தினேன். வரிசை இரண்டடி நகர்ந்தால் நானும் இரண்டடி நகர்வேன். பதினாறு வயதுப் பையன் ஒருவன் மஞ்சள் கானைக் கவிழ்த்து, "ரீச்சர், இதில் இருங்கள்" என்றான். பின்னால் நின்றவர்கள், எங்கள் மதம் அல்லாதவர்களும்தான், பாட்டுக்குக் கை தட்டினார்கள். அன்று எங்களுக்குத் தலைவரும் இல்லை, செயலாளரும் இல்லை, பதாகையும் இல்லை. இன்று இவையெல்லாம் இருக்கின்றன. பிள்ளைகளைத்தான் காணவில்லை.

கடற்கரையான், முல்லைத்தீவு

2015 ஜனவரி 14. பாப்பரசர் பிரான்சிஸ் மடுவுக்கு வந்த நாள். எங்கள் பங்கு இளைஞர்களைத் தொண்டர்களாகக் கேட்டார்கள். விடியப் புறம் போய் இறங்கினால் எனக்குக் கிடைத்த வேலை வாகனத் தரிப்பிடத்தில் கயிறு பிடிப்பது. ஹெலிகொப்டர் இறங்கும் சத்தம் கேட்டது, புழுதி எழும்பியது, சனம் கத்தியது. நான் கயிற்றை விடவில்லை. விடக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள்.

மாலையில் வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "கிட்டத்தில் பார்த்தாயா?" பார்த்தேன் என்று சொல்லிவிட்டேன். அம்மா அதை ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தார். இன்றுவரை திருத்தவில்லை.

திருவிழாவென்றால் பந்தல், ஒளிவிழாவென்றால் கதிரை, மரண வீடென்றால் சவப்பெட்டி. எல்லாவற்றுக்கும் நாங்கள். அருட்பணிச் சபையில் வாய் திறந்தால் மட்டும் "நீங்கள் சின்னப் பிள்ளைகள்."

வாலிபர் ஐக்கியத்தில் இருந்தவன்

நாங்கள் கத்தோலிக்கர் அல்லர், ஆனால் கதை ஒன்றுதான். கனடாவில் இருக்கும் ஒரு குடும்பம் எங்கள் சபைக்கு ஒரு கீபோர்ட் அனுப்பியது. அலுமாரித் திறப்பு மூப்பர் ஒருவரின் இடுப்பில். வெளிநாட்டிலிருந்து யாராவது வந்தால் வெளியே வரும், படம் எடுக்கப்படும், மறுபடியும் உள்ளே போகும். மூன்று வருடம் கழித்துத் திறந்தபோது கட்டைகளின் மேலிருந்த பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. அடியில் எலி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. அதை வாசிக்கக் கற்றுக்கொள்ள ஆசைப்பட்ட பையன் இப்போது கட்டாரில்.

மறையாசிரியை அக்காவுக்கு ஒன்று: முகாமில் பிள்ளைகளுக்குப் போக வேறு இடமில்லை. அதை வைத்து இன்றைய இளையோரைக் குறை சொல்வது நியாயமில்லை. ஞாயிறு காலையில் உயர்தர வகுப்பு, பின்னேரம் பந்து. வரிசையில் நின்றவர்களோடு இவர்களை ஒப்பிடாதீர்கள்.

ஓய்வுபெற்ற அதிபர், வவுனியா

எனது அனுபவம் சிறியது. ஒருமுறை கூட்டத்துக்குத் தலைமை தாங்க அழைத்தார்கள். நானும் வாங்குகளுமாக ஒரு மணித்தியாலம் இருந்துவிட்டு வந்தேன். அது மாசி மாதம், காலபோக நெல் அறுவடை. பையன்கள் எல்லோரும் வயலில்.

எனவே சில ஆலோசனைகள். ஆண்டுத் திட்டத்தை நகரத்து நாட்காட்டியைப் பார்த்துப் போடாதீர்கள். விதைப்புக்கும் அறுவடைக்கும் இடையில் போடுங்கள். சாதாரண தரப் பரீட்சைக்கு முந்திய மூன்று மாதங்களும் பதினாறு வயதுக்காரரைத் தொடவே கூடாது. கூட்டத்தை நான்கு மணிக்குத் தொடங்கினால் ஐந்தரைக்கு முடியுங்கள். உள்வீதிகளில் கடைசி பஸ்ஸை விட்டால் பெண் பிள்ளைகள் எப்படிப் போவது? காட்டோரக் கிராமமென்றால் யானை வேறு. பதினைந்து வயதுப் பிள்ளையையும் வெளிநாடு போய்த் திரும்பிய இருபத்தெட்டு வயதுக்காரரையும் ஒரே வட்டத்தில் இருத்தி "பகிருங்கள்" என்றால் யார்தான் பேசுவார்? இரண்டாகப் பிரியுங்கள். காசுக் கணக்கை இளையோரே எழுதட்டும். ஐந்நூறு ரூபாவாக இருந்தாலும் மாதாமாதம் கோவில் வாசலில் ஒட்டுங்கள். சிறுவர்களோடு தனி அறையில் ஒரு பெரியவர் மட்டும் இருக்கக்கூடாது, அவர் யாராக இருந்தாலும். சுமை எழுதும் காகித விளையாட்டை நிறுத்துங்கள், அல்லது எழுதியவரை மறுநாள் சந்திக்க ஒரு அருட்சகோதரியை ஆயத்தமாக வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

இன்னொன்று. வன்னி ஒன்றானாலும் மறைமாவட்டம் இரண்டு. 1981 இல் மன்னார் தனியாகப் பிரிந்தபோது வவுனியா அதனோடு போனது; கிளிநொச்சியும் முல்லைத்தீவும் யாழ்ப்பாணத்தோடு நின்றன. முல்லைத்தீவுப் பிள்ளை மறைமாவட்டக் கூட்டத்துக்கு நூறு கிலோமீற்றருக்கு மேல் போக வேண்டும். பஸ் காசு யார் தருவது? இதை முதலில் தீருங்கள். அடுத்து, பதவிக்காலம் இரண்டு வருடத்துக்கு மேல்

கடற்கரையான், முல்லைத்தீவு

ஐயா, உங்கள் பதிவு பாதியில் அறுந்துவிட்டது. கோபிக்காதீர்கள், யாரும் ஆலோசனை கேட்கவில்லை. ஆனால் பஸ் காசு விடயம் நூற்றுக்கு நூறு உண்மை.

மறையாசிரியை, மன்னார் பெருநிலப்பரப்பு

முகாமில் போக வேறு இடமில்லை என்று எழுதிய தம்பிக்கு: நான் பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை. நாங்கள் இப்போது வரிசைக்குப் போவதில்லை என்றுதான் சொன்னேன்.

2018 இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட பெண்களின் நுண்கடனைத் தள்ளுபடி செய்வதாக அரசு அறிவித்ததே. அந்தத் தாய்க்கு அது பொருந்துமா என்றாவது யாராவது பார்த்தீர்களா? செயலாளர் தம்பி இன்னும் பதில் சொல்லவில்லை.

முன்னாள் செயலாளர், கிளிநொச்சி

சொல்கிறேன் அக்கா. போனேன், ஒரே ஒரு தடவை. கூட்டம் முடிந்து நேரே போனேன். கேற் சாத்தியிருந்தது. இரண்டு தரம் கூப்பிட்டேன். நாய் குரைத்தது, முற்றத்தில் ஈரத் துணி காய்ந்துகொண்டிருந்தது. ஒருவரும் வரவில்லை. திரும்பிவிட்டேன்.

அவர்கள் உள்ளேதான் இருந்திருக்கிறார்கள். நெடுநாளைக்குப் பிறகு அவளுடைய தம்பி சொன்னான். நான் மோட்டார் சைக்கிளில் வந்திருந்தேன். சேர்ட்டை உள்ளே விட்டிருந்தேன். கையில் ஒன்றியத்தின் கோப்பு இருந்தது. அன்று புதன்கிழமை.